மூச்சுவிடும் உறை

ஜெர்மனியின் கடலோர ஊரான ஹூசுமில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஹின்ரிக், போன குளிர்காலம் முழுக்கத் படுக்கை வசதியுள்ள தன் கேம்பர் வேனைப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடிவைத்தார். வசந்தத்தில் திறந்தபோது மெத்தையெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது. காற்றில் அடித்துக்கொண்ட தார்ப்பாய் ஜன்னல்களையும் கீறியிருந்தது.

"மழை படாம மூடுன்னா, வண்டியோட மூக்கையும் வாயையும் சேர்த்துல்ல அடைச்சிட்ட," என்றாள் மனைவி வீப்கே.

இந்த முறை அவளே டேப்பைப் பிடித்து, வண்டியைப் பின்னால் இருந்த சைக்கிள் தாங்கியையும் சேர்த்து அளந்தாள். மழையை உள்ளே விடாமல், உள்ளிருக்கும் ஈரத்தை மட்டும் வெளியே விடும் துணியுறை ஒன்றை வாங்கினார்கள். வண்டியைக் கழுவிக் காயவைத்துப் போர்த்திவிட்டு, கடற்காற்று தூக்காதபடி அடியில் பட்டைகளை இழுத்துக் கட்டினார் ஹின்ரிக்.

ஜனவரியில் மூன்று நாள் புயல் அடித்தது. அவர் வீட்டு ஜன்னல் வழியே உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் உறையை உருவிக் கதவைத் திறந்தவர், உள்ளே போகாமல் முதலில் மோந்து பார்த்தார். பிறகு மெத்தையைத் தடவினார். நன்றாகக் காய்ந்திருந்தது.

"என்ன, நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டாள் வீப்கே.

"காப்பித்தூள் வாசனைதான் வருது. டப்பாவைச் சரியா மூடலையா நீ?"

சொல்லிவிட்டு, வண்டிப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.