பனி காட்டிய ஓரம்

விமானப் பயிற்சிப் பள்ளியில் அவரைப் பவுடர் என்றுதான் கூப்பிட்டார்கள். உப்புத்தாள் தேய்த்த தூள் அவர் புருவத்தை விட்டு இறங்கியதே இல்லை. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் கார் பட்டறையில் இருந்தவர். இங்கே முதல் நாள் இறக்கையைத் தொட்டபோது தகடு கட்டைவிரலுக்கு அமுங்கிக் கொடுத்தது. பிஸ்கட் டப்பாவின் கனம்தான். இதை நம்பியா மேலே போகிறார்கள் என்று வாயைப் பிளந்து நின்றார். அந்த வாய் இன்னும் முழுசாக மூடவில்லை என்பாள் அவர் மனைவி.

மழையும் மணலும் அரித்த இடங்களில் பெயிண்ட் தொட்டுப் பழையதோடு சேர்ப்பது அவர் வேலை. பழைய வெள்ளை வெயிலில் பழுத்திருக்கும். புது வெள்ளையில் மஞ்சள் ஒரு சொட்டு, கறுப்பு அரைச் சொட்டு விடுவார். கடைசியில் தின்னர் கலந்து ஸ்ப்ரேயில் மெல்ல ஊதி ஓரத்தைக் கரைப்பார். எங்கே தொட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதுதான் வினையாயிற்று.

மெக்கானிக் விடுப்பில் போயிருந்த வாரம், நாலு பேர் உட்காரும் விமானத்தின் இடது இறக்கையில் எட்டு இடம் தொட்டார். மெக்கானிக் திரும்பி வந்து, டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணி தளர்ந்தால் தகட்டோடு உரசிக் கறுப்பு கசியுமாம், காற்றில் பின்பக்கம் புகைபோல நீளுமாம். பவுடரின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. அப்படி ஒரு கறுப்பை அழுக்கென்று நினைத்துத் துடைத்து, தேய்த்து, பெயிண்டும் அடித்திருந்தார். அதற்குப் பிறகு அந்த விமானம் பதினோரு முறை பறந்திருந்தது. அதை அவர் சொன்னதும் மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த ரிவெட்டுண்ணே?"

"தெரியல தம்பி."

"நீங்க அடிச்சதுதானே?"

"நான் அடிச்சதாலதான் தெரியல."

இறக்கையில் அறுநூறு ரிவெட். மெக்கானிக் விமானத்தின் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். புதுப் பெயிண்ட் அடைத்திருக்கும்வரை கறுப்பு வெளியே வராது, மொத்தமும் உரித்தாலும் பழைய கறை போனது போனதுதான், எது ஆடுகிறது என்று மறுபடி பறக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும், அதில் யார் ஏறுவார்கள் என்றார். அன்று முழுக்கப் பவுடர் இறக்கையில் கன்னத்தை வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரே வெள்ளை. வீட்டில் சொன்னதற்கு, கண்ணாமூச்சியில் ஒளிந்தவரே தன்னைத் தேடுவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள் மனைவி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

விடிந்ததும் போனார். கொட்டகையில் இடமில்லாமல் விமானம் வெளியே நின்றிருந்தது. இறக்கை முழுக்கப் பனி. வெயிலில் வறண்ட பழைய பெயிண்டில் அது ஈரத் துணிபோலப் படர்ந்திருந்தது. அவர் பெயிண்டில் மட்டும் கடுகு கடுகாக உருண்டு நின்றது. எட்டுத் தீவுகள். தான் கரைத்த ஓரங்களை அவர் முதல்முறையாகப் பார்த்தார். மூச்சு விடவும் பயமாக இருந்தது.

ஏழு வட்டம். எட்டாவதற்கு வால் இருந்தது. கறை ஓடிய நீளத்துக்கு அவர் துடைத்திருந்தார், துடைத்த நீளத்துக்கு அடித்திருந்தார். போன புகை பனியில் திரும்ப வந்து படுத்திருந்தது. அதன் தலைமாட்டில் ஒரே ஒரு ரிவெட்.

அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"சீக்கிரம் வாங்க தம்பி. வெயில் ஏறுது."

மெக்கானிக் வந்து சேர்வதற்குள் பனி காய்ந்து இறக்கை மறுபடி ஒரே வெள்ளையாகிவிட்டது. வந்தவர் இறக்கையின் நுனியைப் பிடித்து மெல்ல அசைத்தார். பவுடரின் விரலுக்கடியில் மயிரிழை அளவு ஏதோ நகர்ந்தது.

"ஆடுது."

"சரி, விரல எடுங்கண்ணே, குறி போடணும்."

"நீங்க பேனாவ எடுங்க முதல்ல" என்றார் பவுடர்.