கவருக்குள் போன ஓட்டு

நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் எங்கள் அப்பா ஓட்டுச் சாவடிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் அவருடைய ஓட்டு ஒரு தேர்தலில்கூட விழாமல் இருந்ததும் இல்லை. அம்மாவின் ஓட்டும் அப்படித்தான். இதில் மாயம் ஒன்றும் கிடையாது. உசிலம்பட்டிக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரில் அரசியல் என்றால் இரண்டு கட்சி. இரண்டு கட்சி என்றால் இரண்டு ஆட்கள். ஒன்றுக்குப் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன். மற்றதற்குத் தாய்மாமா, அம்மாவின் அண்ணன். தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது இரண்டு பேரும் ஓட்டர் நம்பர் எழுதிய சிலிப்புகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அப்பா அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்து, தன்னுடைய சிலிப்பை அண்ணனிடமும் அம்மாவுடையதை மச்சானிடமும் திருப்பிக் கொடுத்துவிடுவார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவர்களும் அக்கம்பக்கத்து ஊர் ஆட்களை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

இதைக் கள்ள ஓட்டு என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. பெண் கொடுத்த வீட்டுக்குச் செய்யவேண்டிய மரியாதைகளில் இதுவும் ஒன்று என்பது அப்பாவின் கணக்கு. “ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சு போகும். ரெண்டு பக்கமும் மனத்தாங்கல் இல்ல” என்பார். ராமன் ஆண்டாலும் ராவணன் ஆண்டாலும் நம் மாட்டை நாம்தான் மேய்க்கவேண்டும் என்று இருந்தவர் அவர். அதைச் சலிப்போடு சொன்னால்கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொல்வார். டீக்கடையில் அதைக் கேட்பதற்கென்றே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அம்மா இந்த ஏற்பாட்டைக் குலைத்தாள். எழுபதுகளின் பின்பாதி. அதற்குச் சில மாதம் முன்னால் தம்பிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா ஓடையைத் தாண்டி, கம்மாய்க்கரை வழியாக மெயின் ரோட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். டவுன் பஸ் வந்தது. எங்கள் ஊர்ப் பிரிவில் அதற்கு ஸ்டாப்பிங் இல்லை என்பதால் நிற்காமல் போனது. உசிலம்பட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மா நடந்தாள். தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தப் பஸ்ஸின் பின்பக்கத்தை அம்மா மறக்கவே இல்லை.

ஆகவே வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டு வந்தபோது ஆரத்தித் தட்டை அம்மா வாங்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஆரத்தி சுற்றி முடிக்கும்வரை வேட்பாளர் அசையக் கூடாது. பாதியில் போனால் சகுனம் கெட்டது. ஊருக்குப் பஸ் எப்போது வரும் என்று அம்மா தட்டைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்; பதில் வரும்வரை சுற்றுவதை நிறுத்தவில்லை. முதலில் வந்தவர், ஜெயித்த மறுநாளே பஸ் உங்கள் வாசலில் நிற்கும் என்றார். இரண்டு நாள் கழித்து வந்த இன்னொருவர் ஜீப்பிலிருந்து இறங்கி, பஸ் எந்த வழியாக வரவேண்டும் என்று கேட்டார். ஓடைக்குப் பாலம் கட்டாமல் பஸ் வராது தாயி, அதற்கு ரெண்டு வருஷமாவது ஆகும் என்றார்.

“ஒருத்தன் பொய்யச் சட்டுனு சொன்னான். இன்னொருத்தன் நிதானமாச் சொன்னான். அம்புட்டுத்தான் வித்தியாசம்” என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

“இந்தத் தடவ என் ஓட்ட நானே போடப்போறேன்” என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். அன்று காலையில்தான் அம்மாவின் சிலிப்பு மாமாவின் சட்டைப் பைக்குப் போயிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. ஓட்டுப்போடுகிற நாளில் வேலை வெட்டி, பிள்ளைக்குட்டி என்று அவள் மறந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். கட்டி பத்து வருஷமாகியும் அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஓட்டு அன்றைக்கு அம்மா விடியும் முன்பே சோறாக்கி வைத்துவிட்டு, திருவிழாவுக்கு மட்டும் கட்டும் அரக்குச் சேலையைக் கட்டினாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். சாவடி எங்கள் பள்ளிக்கூடம். அதிலும் என் வகுப்பறை. வாசலில் நின்ற போலீஸ்காரர் பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது என்றார். இது என் கிளாஸ்தான் என்று நான் சொன்னதும் அவருக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது போலிருக்கிறது, விட்டுவிட்டார்.

உள்ளே நாங்கள் உட்காரும் பெஞ்சில் பெரியப்பாவும் மாமாவும் ஏஜெண்டுகளாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மைக் வைத்து ஒருவர் கட்சியை ஒருவர் கிழித்தவர்கள், இங்கே ஒரே பொட்டலத்திலிருந்து வெற்றிலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் மாமாவின் வாய் அசைவது நின்றது.

பட்டியலைப் பார்த்தவர் அம்மாவின் பெயரில் விரலை வைத்து, “இந்த ஓட்டு காலைலயே விழுந்திருச்சேம்மா” என்றார்.

அம்மா தன் விரலை நீட்டிக் காட்டினாள். மை இல்லை. நான் இப்போதுதான் வருகிறேன் என்றாள். பேச்சு வளர்ந்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரியிடம் போனது. மதுரையிலிருந்து வந்தவர், கழுத்து வேர்வைக்குக் கைக்குட்டை மடித்து வைத்திருந்தார். சீட்டுக் கிழித்த அடிக்கட்டையைத் தேடி எடுத்துக் காட்டினார். அம்மா பெயருக்கு எதிரே ஒரு கைநாட்டு.

“நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவ சார். கையெழுத்துப் போடுவேன்” என்றாள் அம்மா.

அதிகாரி ஏஜெண்டுகளைத் திரும்பிப் பார்த்து, இவர் இந்த ஊர்தானா, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். மாமா தன் கையிலிருந்த பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். தெரியும் என்று சொன்னால், காலையில் அந்தப் பெயரைச் சொல்லி வந்தவளைப் பார்த்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேள்வி வரும். பெரியப்பா இந்தக் கள்ள ஓட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கட்சியின் மானத்தை வாங்கியிருக்கலாம். ஆனால் அப்பாவின் ஓட்டை அன்று காலையில் போட்டுவிட்டுப் போனது அவருடைய ஆள். அவர் கரும்பலகையைப் பார்த்தார். இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்ததை நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

அதற்குள் டீக்கடைக்குச் செய்தி போயிருக்கவேண்டும். அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் அப்பாவின் முகம் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு இல்லை.

அதிகாரி நல்ல மனிதர். இப்படி நேர்ந்தால் அசல் ஆளுக்குத் தனிச் சீட்டுத் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதைப் பெட்டியில் போடாமல் தனிக் கவரில் வைத்து ஒட்டவேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் இன்னும் என்னவோ சொன்னார். நான் அப்போது சுவரில் நான் கிறுக்கியிருந்த படத்தை யாரும் பார்த்துவிடாமல் முதுகால் மறைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓட்டுப் பெட்டியை ஒருதரம் பார்த்தாள்.

“பரவால்ல சார். குடுங்க” என்றாள்.

கொடுப்பதற்கு முன்னால் அவள்தான் அசல் ஆள் என்று உறுதி செய்யவேண்டுமே. அதிகாரி பெயரைக் கேட்டார், சொன்னாள். கதவு எண் கேட்டார், சொன்னாள். கணவர் பெயர் கேட்டார்.

அம்மா வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். ரேஷன் கடையில் கேட்டால் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வார்கள். பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் எந்தச் சாமியின் பெயர் என்று ஜாடை காட்டுவார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதிகாரி கையைக் காட்டித் தடுத்தார்.

“பாப்பா சொல்லக் கூடாது. நீங்கதாம்மா சொல்லணும். காலைல வந்தவங்க டக்குனு சொல்லிட்டாங்களே” என்றார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

“அவ சொல்லுவா சார். அவ புருசனா இருந்தாத்தான வாய் கூசும்” என்றாள் அம்மா.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதிகாரிக்கு மட்டும் விளங்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் எங்கள் அம்மாவை, நீ நீயில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா தம்பியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். தாலியை ஒருதரம் தொட்டுக்கொண்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு அப்பாவின் பெயரைச் சொன்னாள். அதிகாரிக்குக் காதில் விழவில்லை, என்ன என்றார். இந்தமுறை நிமிர்ந்து, அப்பாவுடைய அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பதுபோலச் சத்தமாகச் சொன்னாள்.

ஜன்னலைப் பார்த்தேன். அப்பா திரும்பி நின்றுகொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

அப்போதுதான் மாமா பெஞ்சைவிட்டு எழுந்தார். “என் கூடப்பொறந்த தங்கச்சிதான் சார். சீட்டக் குடுங்க” என்றார். பெரியப்பாவும் ஆமாம் என்று கனைத்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள், அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் முத்திரை குத்தினாள், மடித்துக்கொண்டு வந்தாள். அதிகாரி அதைக் கவரில் வைத்து ஒட்டி, மேலே என்னவோ எழுதினார். ஊரில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே தகரப் பெட்டி. எங்கள் அம்மாவுக்கு மட்டும் தனிக் கவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் பெருமையெல்லாம் வடிந்துவிட்டது. அம்மா பெயரைச் சொன்னது ஒருதரமல்ல, இரண்டுதரம். அப்பாவின் ஆயுசில் எத்தனை வருஷம் போயிருக்கும் என்று யாரிடம் கேட்பது? முன்னால் நடந்த அப்பாவும் பேசவில்லை, பின்னால் நடந்த அம்மாவும் பேசவில்லை. அப்பா கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவருடைய பெயரை அம்மாவின் குரலில் அவர் கேட்டது அதுவே முதல்தடவை என்பதெல்லாம் ஒன்பது வயதில் தோன்றுகிற விஷயமா? அடுத்த சில நாட்கள், மத்தியானம் அவர் கண்ணயரும்போது மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தும்மி எழுந்து என்னைத் துரத்தினார். எண்பதைத் தாண்டியும் திடமாக இருந்தார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தேர்தலில் காலை ஏழு மணிக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அப்பா. மோர் குடிக்க வந்த மாமாவும் பெரியப்பாவும் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். அரசாங்கத்தைக் கிண்டல் செய்வதை மட்டும் அவர் விடவில்லை. போட்டுவிட்டு வந்து செய்தார். பாலமும் பஸ்ஸும் பல வருஷம் கழித்து வந்தன. எங்களால்தான் வந்தது என்று இரண்டு கட்சியும் தட்டி வைத்தன. அன்றைக்கு யாருக்குக் குத்தினாள் என்பதை அம்மா இதுவரை சொன்னதில்லை.

நான் டீச்சராகி, எலெக்ஷன் டியூட்டிக்கு முதல்முறை பயிற்சி வகுப்புக்குப் போனபோதுதான் அந்தக் கவரைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். டெண்டர் ஓட்டு என்று பெயர். அதை எண்ணமாட்டார்கள். கோர்ட்டில் வழக்கு வந்து நீதிபதி உத்தரவு போட்டால் ஒழிய அந்தக் கவரைப் பிரிப்பதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, உன்னை ஏமாற்றிவிட்டார்களே அம்மா என்றேன்.

“ஏமாத்தலயே. அந்த சார் அப்பவே காதோட சொல்லிட்டாரு, இது எண்ணிக்கையில வராதுன்னு” என்றாள், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. “ஜன்னல்கிட்ட நின்னாரே, உங்கப்பாவுக்குந்தான் கேட்டுச்சு.”

அப்புறமும் எதற்காக அப்பா பெயரைச் சொன்னாய் என்று கேட்டேன்.

“சொல்லலன்னா, காலைல வந்தாளே, அவதான நானா இருந்திருப்பா.”

அவள் அடுத்த கீரைக் கொத்தை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஓட்டு எண்ணிய நாளின் மத்தியானம் ஞாபகம் வந்தது. கூடத்தில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் வாங்கிய ஓட்டு ஆயிரக்கணக்கில் ஓடியது. தோற்றவருக்கும் ஆயிரக்கணக்கில்தான். இத்தனை பெரிய எண்களுக்குள் ஒற்றை ஓட்டு தொலைந்துபோயிருக்குமோ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. அம்மாவின் ஓட்டும் இதில் இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

“இல்லாம எங்கத்தா போகும்? கவர்ல வச்ச ஓட்டு. அதத்தான் மொதல்ல எண்ணிருப்பாங்க” என்றார்.

அடுப்படியில் அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தாள். அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்து, நான் போய் ஊதுகுழலை எடுத்துக் கொடுத்தேன்.