குங்கிலியக் கட்டி

முப்பது வருஷமாக மட்டாஞ்சேரி பஜாரில் மலைச்சரக்கு வியாபாரம் செய்யும் நான், ஒருநாள் வெள்ளைக் குங்கிலியத்தைக் கற்கண்டு என்று எண்ணிக் கடித்தேன். கடைவாய்ப் பல்லின் மூலை போயிற்று. எதிரே அமர்ந்திருந்த பெண்மணி, "முதலாளீ, அது திங்கற சாதனமில்லே. புகை போடற சரக்கு" என்றார்.

கிழக்கு மலையில் ஓர் ஆதிவாசி ஊரின் சங்கச் செயலாளர் அவர். சாம்பிள் பையோடு வைட்டிலாவில் பஸ் மாறி வந்திருந்தார். ஊருக்குக் கீழே கருங்கல் குவாரி வந்திருந்தது. லாரிக்குப் பாதை வேண்டும். பாதைக்குக் குங்கிலிய மரங்கள் நிற்கும் சரிவு வேண்டும். சரிவுக்கு ஊர்க்கூட்டத்தின் சம்மதம் வேண்டும். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று குவாரிக்காரர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். மரமும் சோறு போடும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காட்ட, சரக்கை வாங்கிக்கொள்வதாக என் கையெழுத்தில் ஒரு தாள் வேண்டும் அவருக்கு.

மாதம் எத்தனை மூட்டை தருவீர்கள் என்று கேட்டேன்.

"இந்த வருஷம் பிசினுக்குக் கொத்தின மரத்தெ அடுத்த வருஷம் தொடமாட்டோம். மரம் தந்தா தருவோம்."

அவர் பொய்யாக ஓர் எண் சொல்லியிருந்தால் நானும் பொய்யாக ஓர் எண் எழுதியிருப்பேன். பஜார் அப்படித்தான் நடக்கிறது. உண்மை பேசுகிறவரிடம் வியாபாரம் செய்ய எனக்குப் பழக்கமில்லை. "ஒரு மூட்டைன்னாச்சும் எழுதுங்கோ" என்றார் கடைசியில். எழுதவில்லை. ஆனால் என்ன கடிதம் எழுதினேன்! நாலு புத்தகம் படித்த திமிரெல்லாம் அதில் இறங்கிற்று. மலையின் மணம், மரத்தின் பொறுமை, முன்னோரின் அறிவு என்று ஒரு பக்கம் முழுக்க. வாங்குகிறேன் என்ற சொல் மட்டும் இல்லை. சாயா வாங்கிக் கொடுத்து வழியனுப்பினேன்.

ஊர் குவாரிக்குச் சம்மதித்தது. அடுத்த மழைக்குள் பாதை போன சரிவில் மரமில்லை.

இப்போது என் கடைவாசலில் புதுக் கருங்கல் படி. எந்த மலைக் கல் என்று நான் விசாரிக்கவில்லை. நான் கடித்து விளிம்பு உடைந்த அந்தக் குங்கிலியக் கட்டி மட்டும் மேஜையில், தாள் பறக்காமலிருக்க உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் அவர் வந்தார், மேல்சரிவில் மிஞ்சிய மரங்களின் சரக்கைப் பாதிப் பை கொண்டு. கேட்காமலேயே பத்து மூட்டை என்று எழுதி நீட்டினேன். "பத்து மூட்டைக்கு மரம் எங்கே, முதலாளீ?" என்று தாளைக் கட்டிக்கு அடியிலேயே வைத்துவிட்டார்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: என் பழைய கடிதத்தைக் கூட்டத்தில் படித்தார்களா?

"படிச்சோமே. நல்ல கடுதாசி. எல்லாரும் கைதட்டினாங்க. பின்னே குவாரிக்காரன் பேப்பர்லே கையெழுத்துப் போட்டாங்க."