கட்டுமாவடி பஸ்ஸில் ஏறிய வாழ்த்துகள்

பஸ் கண்டக்டருக்குக் கை இரண்டு என்பது முதலாளியின் நினைப்பு. பண்டிகைக் காலத்தில் ரோட்டோரம் நிற்கும் ஜனங்களின் நினைப்பில் அவனுக்குக் கை எட்டு. டிக்கெட் கிழிக்க ஒன்று, விசிலுக்கு ஒன்று போக மிச்சம் ஆறும் அவர்கள் கொடுத்தனுப்பும் தூக்குச் சட்டிகளைப் பிடிக்கவே இருக்கின்றன. என்னைப் போலவே இந்த வேலையில் சீரழிந்த அன்பர்களே, இதைப் படிக்கும்போது உங்கள் காக்கிச் சட்டையிலும் ஒரு பழைய நெய்க்கறை ஞாபகத்துக்கு வரும்.

வழியில் இறங்கிய முறுக்கு

ஐம்பதுகளின் கடைசியில், புதுக்கோட்டைக்கும் கட்டுமாவடிக்கும் நடுவே அறந்தாங்கி வழியாக ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் சேர்ந்தேன். அந்தப் பாதையில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள். அறந்தாங்கியில் பத்திரம் எழுதும் சிதம்பரம் பிள்ளை, சுத்த சைவம். கட்டுமாவடியில் கருவாட்டு வியாபாரம் செய்த ஹனீபா மரைக்காயர். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த சூசை வாத்தியார். வாத்தியாருக்குச் சொந்த ஊர் ஆவூர். மூவரும் சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள்.

நான் சேர்ந்த வருஷம் தீபாவளிக்குப் பிள்ளை ஒரு பித்தளைத் தூக்கை என் கையில் திணித்தார். "சும்மா குடுத்துட்டு வந்துறாதீங்க. பிள்ளை தீபாவளி வாழ்த்துச் சொல்லச் சொன்னாருன்னு வாயால சொல்லணும்" என்றார். கட்டுமாவடியில் இறங்கி, விறைப்பாக நின்று, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். மரைக்காயர் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு என் மீசையைப் பார்த்தார்.

"வாழ்த்து முழுசா வந்துருச்சு தம்பி. முறுக்குத்தான் வழியில ரெண்டு எறங்கிருச்சு போல."

வெறும் தூக்கு திரும்பாது

தூக்கைக் கையோடு வாங்கி வரச் சொல்லியிருந்தார் பிள்ளையின் சம்சாரம் மீனாட்சியம்மாள். கேட்டேன். மரைக்காயர் வீட்டில் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாதாம். சீனி போட்டு அனுப்பலாம் என்றால் வீட்டில் சீனி தீர்ந்திருந்தது. கடைக்கு ஆள் போயிற்று. டிரைவர் கருப்பையா அண்ணன் ஆரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. மரைக்காயர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து ஜன்னல் வழியாகத் தூக்கை உள்ளே தள்ளினார். தூக்கு நிறையப் பேரீச்சம்பழம், மேலே ஒரு புதுக் கைக்குட்டை போட்டு மூடியிருந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மீனாட்சியம்மாள் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, "தூக்கு எங்களுது, சரி. கைக்குட்டை அவங்களுதுல்ல?" என்று அதில் ஒரு மூட்டை கடலை உருண்டை கட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் கடலை உருண்டைக்குப் பதில் வந்தது. இப்படியே கார்த்திகை வந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான். "நேர்ல வரணும்னுதான் நெனச்சேன், யாவாரம் விடமாட்டேங்குது" என்று மரைக்காயர் ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்லி அனுப்புவார். "நானே போகணும்னு இருந்தேன், பத்திர வேலை நெருக்குது" என்று பிள்ளை அனுப்புவார். எனக்கு முன்னால் அந்தப் பஸ்ஸில் இருந்த கண்டக்டர் சிடுமூஞ்சி, எதையும் வாங்கமாட்டாராம். அப்போதெல்லாம் இவர்களே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் வந்தேன், போக்குவரத்து நின்றது. கருப்பையா அண்ணனுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது.

"தம்பி, இவங்க கொடுக்கல் வாங்கல் முடியிறதுக்குள்ள என் சர்வீஸு முடிஞ்சிரும்."

முட்டை இல்லாத வாழ்த்து

கிறிஸ்துமஸுக்குச் சூசை வாத்தியார் வீட்டில் இரண்டு தினுசாகக் கேக் செய்வார்கள். முட்டை போட்டது மரைக்காயருக்கு. போடாதது பிள்ளைக்கு. வாத்தியாருக்கு வகுப்பறைக் குரல். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "பிள்ளைக்குள்ளது முட்டை போடாததுங்க, மறந்துறாதீங்க, முட்டை இல்லைன்னு சொல்லிக் குடுங்க" என்று மூன்று தரம் சொன்னார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அறந்தாங்கி வந்ததும் எனக்கு முன்னால் பின் சீட்டு ஆசாமி ஒருவர் எட்டிப் பார்த்து, "அம்மா, முட்டை இல்லாத வாழ்த்து வந்துருக்கு" என்று கூவினார். நானும் என் பங்குக்கு, "முட்டை சுத்தமா இல்லைங்கம்மா" என்று உரக்கச் சொன்னேன். மீனாட்சியம்மாள் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்கை வாங்கினார்.

"தம்பி, இல்லைன்னு இம்புட்டுச் சத்தமா சொன்னா, இருக்குன்னுல்ல தெருவுல நெனப்பாங்க?"

வெள்ளைத் துணியும் பச்சைத் துணியும்

பத்து வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் ஒரு வருஷம் நோன்புப் பெருநாளும் போகியும் ஒரே நாளில் வந்தன. மறுநாள் பொங்கல். மரைக்காயர் இரண்டு தூக்கோடு நின்றார். பச்சைத் துணி கட்டியதில் வாத்தியாருக்கு ஆட்டுக்கறி பிரியாணி. வெள்ளைத் துணி கட்டியதில் பிள்ளைக்குச் சேமியா, பேரீச்சம்பழம், முந்திரி. வெள்ளைத் துணித் தூக்கைத் தரும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். அது பிள்ளைக்கென்றே புதிதாக வாங்கியது. மரைக்காயர் வீட்டில் உயரமாக ஆணியில் தொங்கும். "இதுல எங்க வீட்டுல தண்ணிகூட மோந்ததில்லை தம்பி. இத அங்கிட்டுச் சொல்லிக்கிற வேணாம், சொன்னா நல்லா இருக்காது" என்று ஒரு தடவை சொல்லியிருந்தார்.

நாகுடி தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. கருப்பையா அண்ணன் போட்ட பிரேக்கில் இரண்டு தூக்கும் சீட்டுக்கு அடியில் உருண்டு, துணிகள் கழன்றுவிட்டன. மூடிகள் இறுக்கமாக இருந்ததால் ஒன்றும் சிந்தவில்லை. இரண்டும் ஒரே அளவு, ஒரே பித்தளை. எது எது என்று மோந்து பார்த்தால் போதுமே என்பீர்கள். கட்டுமாவடி பஸ்ஸில் நாலு கூடை கருவாட்டுக்கு நடுவே மூக்கு எதற்கு ஆகும்? திறந்து பார்த்திருக்கலாம். பொங்கல் கூட்டம், டிக்கெட் போடாத முப்பது பேர், செக்கர் ஏறுவாரோ என்ற பயம். ஞாபகத்தை நம்பித் துணிகளைக் கட்டினேன். அறந்தாங்கியில் வெள்ளைத் துணியை மீனாட்சியம்மாளிடம் கொடுத்து, வாழ்த்தையும் வாய் நிறையச் சொன்னேன்.

புதுக்கோட்டையில் வாத்தியார் அங்கேயே மூடியைத் திறந்தார். உள்ளே சேமியாவும் பேரீச்சம்பழமும் இருந்தன.

"என்னங்க இது, மரைக்கா கருவாட்ட விட்டுட்டு மடத்துல சேந்துட்டாரா?"

நல்லா இருந்தா மட்டும்

திரும்பும் டிரிப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போகி நாள், வெள்ளையடித்துக் கழுவித் துடைத்த வீடு, மறுநாள் பொங்கப் பானை ஏறும் அடுப்பு. அங்கே ஆட்டுக்கறியைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து வந்த சிநேகம் என் கைத்தவறால் போய்விடும் என்று நினைத்தபோது, அறந்தாங்கி வராமலே இருந்தால் தேவலை என்று தோன்றியது. வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பத்திரக் கொட்டகையில் பிள்ளை உட்கார்ந்திருந்தார். எழுதுபலகையில் மனுக்களுக்கு நடுவே அந்தத் தூக்கு. மீனாட்சியம்மாளும் பக்கத்தில் நின்றார். பஸ் நகர்ந்து கருவாட்டு வாடை போனதுமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். தூக்கை வீட்டுக்குள் கொண்டு போகாமல் நேரே இங்கே வந்து வைத்திருக்கிறார்.

தப்பு என்னுடையது, மரைக்காயருடையது அல்ல என்று சொன்னேன். "அது எங்களுக்குத் தெரியாதா?" என்றார் பிள்ளை. சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. எங்களால் சாப்பிட முடியாது, பெருநாள் சோற்றைக் கொட்டவும் மனசு வராது, அப்படியே திருப்பி அனுப்பினால் வாழ்த்தையே திருப்பின மாதிரி ஆகிவிடும் என்றார். "ஒண்ணு செய்ங்க. நீங்களும் டிரைவரும் இங்கனயே உக்காந்து சாப்பிடுங்க. மரைக்காட்ட நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும். சாப்பிடாம சொன்னா பொய்யாயிரும். தூக்கு மாறுனத மட்டும் சொல்ல வேணாம், மனசு ஒடிஞ்சு போவாரு."

கருப்பையா அண்ணன் இரண்டாம் தடவை சொல்லவிடவில்லை. அஞ்சு நிமிஷத்தில் தூக்கு காலி. நானே அதைக் குழாயடியில் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மீனாட்சியம்மாள் தூக்கைத் தொடாமல், காகிதப் பையிலிருந்து புதுப் பச்சரிசியையும் மேலே இரண்டு உருண்டை வெல்லத்தையும் போட்டார். வெறும் தூக்கு திரும்பாது அல்லவா.

"தம்பி, இந்த மாதிரி தப்ப வருசத்துக்கு ஒண்ணு செய்யலாம்" என்றார் கருப்பையா அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே.

அடியில் ஒரு எழுத்து

கட்டுமாவடியில் மரைக்காயரிடம் தூக்கைக் கொடுத்து, "பிள்ளைக்கு ரொம்பச் சந்தோசம், ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நல்லா இருந்தது எனக்கு. மரைக்காயர் சிரித்தபடி அரிசியைச் சுளகில் கொட்டினார். கொட்டிவிட்டுத் தூக்கைக் கவிழ்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளைக்கு வாங்கிய தூக்கின் அடியில் ஆணியால் 'பி' என்று கீறி வைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. இந்தத் தூக்கின் அடியில் ஒன்றும் இல்லை.

கருவாட்டுக் கூடைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெருநாள் சட்டையோடு ஒரு மனுஷர் அவ்வளவு சின்னதாகிப் போனதை நான் பார்த்ததில்லை. "தங்கச்சி இத கையில வாங்குச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேற்கொண்டு மறைக்க முடியாமல் பிரேக் போட்டதிலிருந்து புளி போட்டுக் கழுவியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காலையில மொத பஸ்ஸுல எனக்கு ஒரு எடம் வையிங்க தம்பி."

கையை வீசிக்கொண்டு வந்தவர்

பொங்கலன்று காலையில் மரைக்காயர் பஸ் ஏறினார். கையில் ஒன்றுமில்லை. தூக்கு எங்கே என்று கேட்கப்போய் வாயை மூடிக்கொண்டேன். வழி நெடுகத் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அறந்தாங்கியில் கூட்டம் ஏற நேரம் பிடித்தது. கருப்பையா அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டு, "நீயும் கூடப் போ, தப்பு ஒன்னுது" என்றார்.

வாசலில் கரும்பு சாத்தியிருந்தது. மரைக்காயர் படிக்குக் கீழேயே நின்றார். பிள்ளை வெளியே வந்து பார்த்துவிட்டு, "மரைக்கா" என்றார். ஒருவர் தலை நரைத்ததை இன்னொருவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். மரைக்காயர் மீனாட்சியம்மாளைப் பார்த்து, "தங்கச்சி, எதையும் கொண்டாற பயமா இருந்துச்சு, அதான் வெறுங்கையா வந்துட்டேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஆணியில் தொங்கும் தூக்கைப் பற்றியும், அதில் தண்ணீர்கூட மொள்ளாததைப் பற்றியும் உளறிக் கொட்டிவிட்டேன். மரைக்காயர் என்னை முறைத்தார். மீனாட்சியம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "நேத்து நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன், இல்லைங்கல. அதோட அது முடிஞ்சுபோச்சு" என்றார். பிறகு உள்ளே திரும்பி இலை போடச் சொன்னார். மூன்று இலை போட்டார்கள், ஒன்று எனக்கு. ரோட்டில் கருப்பையா அண்ணன் ஆரன் அடித்த சத்தம் கேட்டது, நான் எழுந்திருக்கவில்லை. மரைக்காயர் இலையில் பொங்கலை வைத்துவிட்டு, நெய்க்கிண்ணத்தோடு நின்றபடியே அந்த அம்மாள் சொன்னார்:

"பத்து வருசமா பாத்திரத்துக்கு வழி தெரிஞ்சிருக்கு, ஆளுக்குத்தான் வழி தெரியல. நீங்க வந்து உக்கார இந்தத் தம்பி ஒரு தப்பு பண்ண வேண்டியிருந்துச்சுண்ணே."

என் சர்வீஸில் நான் செய்த மற்ற தப்புகளுக்கெல்லாம் முதலாளி மெமோதான் கொடுத்தார், இந்த ஒன்றுக்குத்தான் இலை போட்டு நெய் விட்டார்கள்.