கதிர் அண்ணனை ஏமாற்ற ஆள் கிடைத்தது

எங்கள் ஒரகடம் வீட்டு மாடியில் குடியிருக்கும் கதிர் அண்ணனுக்கு போர்டு கேம் உருவாக்குவதுதான் வேலை. கூட ஆட ஆள் இல்லாததால், நாலு பேர் காயையும் தானே நகர்த்திச் சோதித்துப் பார்ப்பார்.

இன்று நானும் இரண்டு தோழிகளும் அவருடன் ஆடப் போய் உட்கார்ந்தோம். மூன்றாவது சுற்றில் ஒரு சீட்டைத் துப்பட்டாவுக்குள் ஒளித்தேன்.

பிடித்துவிட்டார். திட்டவில்லை, சிரித்தார்.

"ரெண்டு வருஷமா தனியாவே ஆடிகிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் என்னை ஏமாத்த ஒரு ஆள் கிடைச்சிருக்கு."

சிரிக்கும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, இன்னும் வேலை எதுவும் தேடலயா?"

"இதாம்பா அவரு வேலை. நாங்க அவரோட டீமு" என்றேன்.

கதிர் அண்ணனைச் சும்மா இருப்பவர் என்று சொல்லும் எல்லோரும் நாளை மாடிக்கு வரலாம். அவர் பக்கம் மூன்று பேர் இருக்கிறோம். மூவருமே நியாயமாக ஆட மாட்டோம்.

யார் வருகிறீர்கள்?