ரியாக்ட், ஆங்குலர், கல்யாணி மேடத்தின் காது

வெப்சைட் எழுதிப் பிழைக்கிற நம்மைச் சண்டைக்கு இழுக்க "ரியாக்ட்டா, ஆங்குலரா?" என்ற ஒரு கேள்வி போதும், அதில் நண்பனை இழந்தவர்கள் உங்களில் எத்தனை பேரோ, நான் கிட்டத்தட்ட இழக்கப் பார்த்தேன்.

ஒரே தளம், இரண்டு முறை

அடையாறில் எங்கள் ஆபீஸில் மொத்தம் ஆறு பேர். வெப்சைட் கட்ட உதவும் இந்த இரண்டு கருவிகளில் நான் ரியாக்ட். பக்கத்து சீட் சுதாகர் ஆங்குலர். வேண்டியதை நாமே பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எல்லாம் ஒரே பெட்டியில் வரும்போது எதற்குப் பொறுக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

கோபாலபுரத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கான ஓர் அறக்கட்டளை எங்களிடம் வந்தது. பரீட்சையில் இவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடிப் பதிவு செய்ய ஒரு தளம் கேட்டார்கள். பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. எதில் கட்டுவது என்று இரண்டு நாள் கத்தினோம். மேனேஜர் ஹேமா, அவரவர் கருவியில் ஆளுக்கொரு மாதிரித் தளம் செய்யச் சொல்லிவிட்டார். "எது நல்லா இருக்குன்னு நீங்க சொல்லாதீங்க. அவங்க சொல்லட்டும்."

கீச்சுக் குரல்

இரண்டு மாதிரிகளோடும் அறக்கட்டளைக்குப் போனோம். அங்கே எங்களை உட்கார வைத்தவர் கல்யாணி மேடம். ஐம்பது வயதிருக்கும், பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை ஓடவிட்டார். அது பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, கீச்சுச் சத்தம்தான் கேட்டது. அவர் விரல்கள் கீபோர்டில் நிற்கவேயில்லை. மவுஸ் பக்கம் கையே போகவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, என் படிவத்தில் நாலாவது கட்டத்துக்கு மென்பொருள் படித்துச் சொல்ல ஒரு பெயர் வைக்கவில்லை என்றார். எண்ணிப் பார்த்தேன். நாலாவதுதான்.

வேகத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று சுதாகர் தயங்கித் தயங்கிக் கேட்டான். "குறைச்சா எனக்குத் தூக்கம் வந்துடும்பா."

தீர்ப்பு

என் தளத்தில் 'பதிவு செய்' பட்டனை அழுத்தினார். அடுத்த பக்கம் அழகாக வந்து நின்றது. ஆனால் மென்பொருள் பேசவில்லை. அவர் காத்துக்கொண்டே இருந்தார். பக்கம் மாறியதே அவருக்குத் தெரியவில்லை. சுதாகர் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தளத்திலும் அதே இடம், அதே மௌனம். இரண்டிலுமே பக்கம் முழுதாக மாறாது, உள்ளே இருப்பது மட்டும் மாறும். மாறியதை மென்பொருள் சொல்லும்படி வைப்பது தளத்தை எழுதுகிறவன் பொறுப்பு. இருவருக்குமே அது தோன்றவில்லை.

எது பரவாயில்லை என்று சுதாகர் கேட்டே விட்டான். "ரெண்டும் என்னை ஒரே இடத்துலதான் விட்டுட்டுப் போகுது. சேர்ந்து உக்காந்து சரி பண்ணுங்கப்பா."

மானிட்டர் அணைந்தது

அவன் படிவம் என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. அதனால் ஆங்குலரிலேயே செய்யலாம் என்று நானே சொன்னேன். அவன் என்னை நம்பாமல் பார்த்தான். பிறகு இருவரும் சேர்ந்து சரிசெய்து, காதால் மட்டும் சோதிக்க மானிட்டரை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். குரலை எவ்வளவு மெதுவாக வைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வைத்தும், என் பெயரைப் பதிவு செய்யவே அரைமணி ஆனது. சுதாகர் ஹெட்போனைக் கழற்றினான். "மச்சி, அந்தம்மா இத்த ஒரு நிமிசத்துல பண்ணிச்சு. நாம இன்னாத்துக்கு ரெண்டு நாள் கத்திக்கினு இருந்தோம்?"

முதல் பதிவு

தளம் திறந்த அன்று காலை உதவி எண்ணுக்கு ஒரு போன் வந்தது. கொட்டிவாக்கத்திலிருந்து ரம்யா, அறக்கட்டளையின் பார்வையற்ற மாணவி, காலேஜ் முதல் வருஷம். தளத்தில் எங்கே மாட்டிக்கொண்டாளோ என்று பயந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். திருவான்மியூரில் எழுதித்தர ஒருவர் கிடைத்துவிட்டார், பதிவும் முடிந்துவிட்டது என்றாள். அப்புறம் என்ன சந்தேகம் என்று கேட்டேன். "சந்தேகம் ஒண்ணும் இல்ல சார். எப்பவும் எங்க அண்ணன்தான் பண்ணித் தருவான். இந்தத் தடவை நானே பண்ணேன். யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துது."

நானும் சுதாகரும் இப்போதும் சண்டை போடத்தான் செய்கிறோம், அந்தக் கீச்சுக் குரலை யார் அதிக வேகத்தில் வைத்துப் புரிந்துகொள்வது என்று; கல்யாணி மேடத்தின் வேகத்தில் பாதியைக்கூட இரண்டு பேரும் இன்னும் எட்டவில்லை.