கரை மிதிக்கும் சாயங்காலம்

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் யாழினியோடு எங்கள் ஊர்க் கண்மாயில் பெடல் போட்டில் ஏறினேன். வாத்து வடிவப் படகு. அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். "மூச்சு முட்டுதும்மா" என்றாள். கேஸை அணைத்தோமா என்று பார்க்க பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ரகம் நான். உங்களுக்கும் அப்படி ஒரு தோழி இருப்பாள். படகு கரையோரம் திரும்பியபோது, நண்டு தோண்டிப் போட்ட ஈரக் களிமண்ணின் வாடை வந்தது. அதற்குப் பிறகு எங்கே பெடல் மிதித்தேன்!

எங்களுடையது திருவாடானைப் பக்கத்து ஊர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்மாய் நிறைவதே அபூர்வம். நிறைந்துவிட்டால் சந்தோஷத்தோடு ஒரு வேலையும் கூடவே வரும். சாயங்காலம் வீட்டுக்கு ஓர் ஆள் கரையின் பின்சரிவில், அதாவது ஊர் இருக்கும் பக்கத்துச் சரிவில், செருப்பில்லாமல் நடக்க வேண்டும். கரை மிதிக்கிறது என்போம். வெயில் வாங்கிய மண் பாதத்துக்குக் கதகதப்பாக இருக்கும். நண்டு வளை வழியே தண்ணீர் கசிகிற இடம் மட்டும் சில்லென்று காட்டிக்கொடுத்துவிடும். "இங்கன சில்லுங்குது!" என்று ஒரு குரல் எழுந்தால் போதும், ஆட்கள் தண்ணீர்ப் பக்கம் இறங்கி, வளையைத் தேடி, வைக்கோலையும் களிமண்ணையும் பிசைந்து அடைப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு அம்மாதான் போவாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே. முன்னால் நடக்கும் சித்தப்பா சும்மா வரமாட்டார்.

"ஏலே, பாத்து மிதிங்கடா. போன தடவ ஒருத்தன் பச்சைச் சாணிய மிதிச்சுட்டு, கரை கசியுதுன்னு ஊரையே கூப்பிட்டான்."

"அது நீதானப்பா" என்பாள் அம்மா.

"மதினி, பிள்ளைக முன்னாடி மானத்த வாங்காதீக!"

கரை முழுக்கச் சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொண்டேதான் எல்லோரும் காலால் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு கோளாறும் உண்டு, சொல்லிவிடுகிறேன். கோடையில் குடத்தோடு அலைந்த ஊர் அல்லவா, வழிந்து போகிற தண்ணீரைப் பார்த்தால் மனசு பொறுக்காது. மிஞ்சின தண்ணீர் வெளியேறத்தான் கலுங்கு கட்டியிருக்கிறது. அதன் மேலேயே கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிடுவார்கள். கரைக்குக் கீழே குடியிருப்பவர்கள் போய்ச் சண்டை போட்டுப் பிரித்துவிடுவார்கள். அந்தச் சண்டைகளில் அம்மாவின் குரல் தனியாகக் கேட்கும்.

இப்போது கரை மேல் டைல்ஸ் நடைபாதை, கலர் விளக்குகள், போட்டோ எடுக்க ஒரு இதய வடிவ வளையம். பின்சரிவு முழுக்கப் புல்வெளி. 'புல்லில் நடக்காதீர்' என்று பலகை. கலுங்கின் கற்கள் பெயர்ந்து, இடுக்கில் அரசங்கன்று வேர் விட்டிருக்கிறது. அதன் மேல் வரிசையாக மணல் மூட்டைகள்.

மூட்டைகள் எதற்கு என்று படகு விடுகிற காண்ட்ராக்டர் தம்பியிடம் கேட்டேன்.

"தண்ணி கொஞ்சம் கூட நிக்கும்க்கா. போட்டு தரை தட்டாது."

"கரை தாங்குமா தம்பி?"

"நம்ம ராம்நாட்டுல தண்ணி பத்தலன்னு அழுவாக. கூடிப்போச்சுன்னு வந்த மொத ஆளு நீங்கதான்க்கா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்களோடு வந்து கரையில் நின்ற என் கணவரும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது.

கரைக்கு நேர் கீழே யாழினியின் பள்ளிக்கூடம்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பலகைக்கு அடியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தேன். பள்ளிக்கூடச் சுவருக்கு நேர் மேலே, சரிவில் ஓரிடத்தில் பாதம் சில்லென்றது. புல்லுக்கு விட்ட தண்ணீராக இருக்குமோ? தோட்டக்காரரிடம் கெஞ்சி, சில நாள் தண்ணீர் விடாமல் இருக்கச் சொன்னேன். புல் வாடியது. அந்த இடம் மட்டும் அப்படியே சில்லென்றிருந்தது. அதிகாரிகளுக்குச் சொன்னேன். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். நல்லபடியாகத்தான் பேசினார்கள். வரவில்லை.

நான் கலுங்குக்குப் போய் ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தேன். அசைய மறுத்தது. காண்ட்ராக்டர் ஓடி வந்தார்.

"என்னக்கா பண்றீக? இது என் பொழப்பு!"

"தெரியும் தம்பி. கீழ இருக்கது என் பிள்ள."

கூட்டம் கூடியது. "படிச்ச பிள்ள, சரியான பயந்தாங்கொள்ளியா இருக்கே" என்று யாரோ சொன்னார்கள். இடுப்பில் கை வைத்து நின்ற என் கணவர், அதைக் கேட்டதும் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கி, மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். "சட்டைய அழுக்காக்குறதுக்குன்னே வாக்கப்பட்டு வந்திருக்கா" என்று அவருடைய முணுமுணுப்பு வேறு. மூட்டைகள் விலகின. தண்ணீர் வழிந்தது.

அடுத்த வாரம் மூட்டைகள் திரும்ப ஏறியிருந்தன. திரும்பப் போய் இறக்கினோம். அதற்கடுத்த வாரமும். கசிவு குறைந்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஒரு நாள் குறைந்தது போலிருக்கிறது, மறுநாள் என் கால் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. பழுது பார்க்க ஆள் வருகிற வரை யாழினியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை என்று நேற்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

கரை மிதித்த சாயங்காலங்களில் யாரையும் யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதில்லை. பயம் ஊருக்கே பொதுவாக இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் சுமந்ததால் கனம் தெரியவில்லை, சிரிக்கக்கூட முடிந்தது. இப்போது எல்லோரும் அதை இறக்கி வைத்துவிட்டுப் படகுக்கு வரிசையில் நிற்கிறார்கள். நிற்கட்டும். நான் இறக்குவதாக இல்லை.